கொடைக்கு வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இரண்டும் எதற்கு?

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கொடை (சாமிக்கு எடுக்கும் திருவிழா) மலருக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. சுடலைமாடன் கோயில், பட்டவராயனுக்கும் தனிப் பீடம் உண்டு. ‘மண்ணின் மணம் கமழும் பாரம்பரியக் கலை’ என்று நாலு பக்கம் நிரப்புவதில் இஷ்டமில்லை. விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் கொஞ்சம் விளக்கினால் உபகாரமாக இருக்கும்.

ஒரே கொடைக்கு வில்லும் வைக்கிறோம், கணியானையும் அழைக்கிறோம். இரண்டு குழுவும் அதே சுடலை கதையைத்தான் பாடுகிறது. எதற்கு இரண்டு செலவு என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். பட்டவராயனான முத்துப்பட்டன் கதையில், அவன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் பகடை (செருப்புத் தைக்கும் சாதிக்காரர்) பெற்ற பிள்ளைகள் என்று ஒரு புலவர் பாடுகிறார். காட்டில் கண்டெடுத்த பிராமணப் பிள்ளைகள் என்று இன்னொருவர் பாடுகிறார். எது பழசு? பீடத்தை எடுத்துவிட்டுக் கற்சிலை வைக்கலாமென்றும் பேச்சு நடக்கிறது. சிலை செய்ய வழியில்லாத காலத்தில் வந்ததுதானா பீடம்? அப்புறம், வில்லை ராத்திரி 2 மணி நேரத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?

குடத்தடி:

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் மற்றதற்கும் அதில்தான் பதில் கிடக்கிறது. வில் நிகழ்ச்சி கொடைக்கு நடுவே வைத்த கச்சேரி இல்லை. கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சாமியாடி எழுவார்.

நம்ம நெல்லைப் பக்கத்துச் சாமிகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். சுடலை, பேச்சி, பிரம்மசக்தி மாதிரி கயிலாயத்தில் பிறந்து வரம் வாங்கி இறங்கி வந்தவர்கள் ஒரு வகை. பட்டவராயன், சின்னத்தம்பி, தோட்டுக்காரி அம்மன் மாதிரி மனிதராகப் பிறந்து அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் இன்னொரு வகை. ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று சொல்வது இவர்களைத்தான். முதல் வகைக்குக் கதையின் உச்சம் பிறப்பும் வரம் வாங்குவதும். இரண்டாம் வகைக்குச் சாவு. அந்தக் கட்டத்தைப் பாடும்போதுதான் அந்தச் சாமி வரும். அதனால் குடியழைப்பு (சாமியை அழைக்கும் முதல் நாள்) ராத்திரி, மறுநாள் மதியக்கொடை, நள்ளிரவுச் சாமக்கொடை என்று மூன்று இருப்பாகக் கதையைப் பங்கு போடுவார்கள். சுடலை கோயிலென்றால் தூண்டாமணி விளக்கில் பிறந்த கட்டம் குடியழைப்பிலும், கொட்டாரக்கரைப் பயணமும் காளிப்புலையன் சண்டையும் சாமக்கொடையிலும் விழுகிற மாதிரி வைப்பது ஒரு முறை. ஊருக்கு ஊர் மாறும். ஆனால் உச்சக் கட்டமும் நள்ளிரவுப் பூசையும் ஒன்றாகச் சேரவேண்டும் என்பது எங்கும் மாறாது.

பாட்டின் அடுக்கு எப்போதும் ஒன்றுதான்: காப்பு, வருபொருள் உரைத்தல் (இன்ன கதை என்று சொல்வது), குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதைக்கூறு, முடிவில் வாழி. கதைக்கு முந்தின பகுதிகளை நீட்டவும் சுருக்கவும் புலவருக்குச் சுதந்திரம் உண்டு. அலங்காரம் முடியத் தாமதமானால் நாட்டு வளம் நீளும். பொருநையும் வயலும் கடைத்தெருவும் வந்துகொண்டே இருக்கும். சாமிக்கு வைக்கிற படைப்பு சீக்கிரம் தயாராகிவிட்டால் இரண்டு பாட்டில் முடிந்துவிடும். நேரத்தைச் சரிக்கட்டுகிற இடம் அதுதான். 2 மணி நேரம் என்று கட்டினால் முதலில் வெட்டு விழுவது இங்கே, அடுத்து கதை. புலவர் உச்சக் கட்டத்துக்கு எட்டரைக்கே வந்துவிடுவார், பூசையோ பன்னிரண்டுக்கு. நடுவில் மூன்றரை மணி நேரம் சினிமாப் பாட்டு ஓடும். சாமியாடி எதைக் கேட்டு எழுவார்?

இனி வில். கதிர் (வளைந்த கட்டை) பனை வைரத்திலோ கூந்தப்பனையிலோ மூங்கிலிலோ இருக்கும். இரண்டு முனையிலும் பூண். நாண் முறுக்கின மாட்டுத்தோல்; இப்போது பல குழுக்களில் கயிறு. கதிரில் மணிகள் கோத்திருக்கும். வில்லைக் கவிழ்த்து வைப்பதில்லை; வளைவு கீழே, நாண் மேலே. வளைவின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு இறுக்கிக் கட்டி, குடத்துக்கு அடியில் வைக்கோல் புரிமணை கொடுப்பார்கள். அண்ணாவி (குழுவை நடத்தும் புலவர்) இரண்டு வீசுகோலால் நாணைத் தட்டுவார். குடக்காரர் ஒரு கையில் கமுகம்பாளைப் பத்தியால் குடத்தின் வாயை அடிப்பார், மறு கையில் காசால் பக்கத்தைத் தட்டுவார். வாயில் அடித்தால் உள்ளே இருக்கிற காற்று ‘கும்’ என்று கனத்து வரும். காசு தட்டினால் தாளக் கணக்கு தெளிவாகக் கேட்கும். உடுக்கை, ஜால்ரா, கட்டை இவற்றோடு ஆள்கள் வலமும் இடமுமாகப் பிரிந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் எடுத்த அடியை மறுபக்கம் வாங்கிப் பாடும். ‘ஆமா’ போடுவது லேசான வேலை இல்லை. அண்ணாவிக்கு மூச்சு வாங்க இடம் கிடைப்பது அதில்தான்.

கெடுவது எங்கே? தோல் நாண் ஈரத்துக்குத் தளரும். ஆடிச் சாரல் சமயத்தில் மாலையில் இழுத்துக் கட்டினது நடுச்சாமத்தில் தொய்ந்து ‘டப்’ என்று செத்த ஓசை தரும். உச்சக் கட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை இறுக்க வேண்டும். வசனம் நீளுகிற இடத்தில் அதைச் செய்துகொள்வார்கள். குடத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. காசால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் ஓசை மங்கும். அந்தக் குடம் விடியும்வரை தாங்காது. புரிமணை இல்லாமல் சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் அடியும் உடையும், கனமும் போகும். மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைக்கிற ஒலிபெருக்கிக்காரர்தான் இப்போது பெரிய தொல்லை. கதை ஒரு சொல் புரியாது, ‘கும் கும்’ மட்டும் ஊர் முழுக்கக் கேட்கும். குடத்துக்குத் தனி மைக்கே வேண்டாம். அண்ணாவி மைக்கிலேயே அது போதுமான அளவுக்கு விழும்.

மந்தமகுடம்:

இரண்டு செலவு என்று கேட்கிறவர்களுக்கு: கதை ஒன்று, வேலை வேறு.

வில் உட்கார்ந்து ஊருக்குச் சொல்கிறது. கணியான் கூத்து நின்றுகொண்டு சாமிக்கு நேரே நடக்கிறது. குழுவில் ஆறேழு பேர் இருப்பார்கள்: அண்ணாவி, பின்பாட்டு, மகுடம் இரண்டு, ஜால்ரா, பெண் வேடம் கட்டி ஆடும் ஆண்கள் இரண்டு பேர். வில்லை எந்தச் சாதிக்காரரும் பழகி அடிக்கலாம். நாடார், தேவர், பள்ளர், வேளாளர் என்று எல்லாரிலும் புலவர்கள் உண்டு, பெண்கள் அண்ணாவியாக இருந்து நடத்தும் குழுக்களும் உண்டு. கணியான் கூத்து அப்படி இல்லை. அது கணியான் சமூகத்தாரின் பிறப்புரிமை. அரசுப் பட்டியலில் அவர்கள் பழங்குடியினர்.

ஏன் பிறப்போடு கட்டிப்போட்டார்கள் என்றால், பாட்டுக்காக இல்லை, ரத்தத்துக்காக. சாமக்கொடையில் ‘கைவெட்டு’ என்று ஒரு சடங்கு. காப்புக் கட்டின கணியான் தன் கையைக் கீறி, சாமி முன்னால் விரித்த இலையில் ரத்தம் சொட்டவிடுவார். சில கோயில்களில் அதைச் சோற்றோடு சேர்த்து உருட்டி மயானத்தில் வானத்தை நோக்கி எறிவார்கள், அது திரளை. நரபலிக்கு ஈடு என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் எதுவானாலும், ஊரில் எந்தச் சாதியும் செய்யாத ஒன்றை இவர்கள் செய்தார்கள். அதனால் சடங்கில் தவிர்க்க முடியாதவர்கள் ஆனார்கள். அதே காரணத்தால் ஊருக்குள் தள்ளியும் வைக்கப்பட்டார்கள். கொடையன்றைக்குச் சாமிக்கு மிக அருகில் நிற்கிற ஆள், மறுநாள் தெருக்கோடியில் நிற்பார். உங்கள் மலரில் இதை எழுதாமல் ‘கலை’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதினதாகும்.

மகுடத்தைப் பற்றிக் கொஞ்சம். வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்தது. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டையும் ஓலைத் தீயில் காய்ச்சித்தான் சுருதிக்குக் கொண்டுவருவார்கள். உச்சத்துக்குக் கூடுதல் சூடு, மந்தத்துக்கு மட்டு. தீயைவிட்டுத் தள்ளிப் பிடித்து, தோலைச் சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் ஓரத்தில் தோல் கருகி, அடி விழுந்ததும் அங்கிருந்து கிழியும். பனி இறங்கினால் மந்தம் முதலில் அமுங்கிப்போகும். அதனால்தான் கூத்து நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விடியும்வரை ஒரு சிறு தீ அணையாமல் இருக்கும். ‘புகை வருது, அணைங்க’ என்று கமிட்டிக்காரர்கள் சொல்லாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. வில், மகுடம், நையாண்டி மேளம் மூன்றும் ஒரே நேரத்தில் முழங்கக்கூடாது. வரத்துப் பாட்டு (சாமியை வரவழைக்கும் பாட்டு) தொடங்கினால் மற்ற இரண்டும் அடங்கி வழிவிட வேண்டும். யாருக்கு எப்போது என்று குடியழைப்புக்கு முன்னாலேயே மூன்று அண்ணாவிமாரையும் கூட்டிவைத்துப் பேசிவிடுங்கள். கொடையில் வருகிற சண்டையில் பாதி இதில்தான் தொடங்கும்.

ஏட்டுச்சுவடி:

முத்துப்பட்டன் விஷயம். பகடை மகள்கள் என்பதுதான் பழசு. கதையை உள்ளிருந்து பார்த்தாலே தெரியும்.

முத்துப்பட்டன் பிராமணன், சகோதரர்களில் இளையவன். காட்டில் பொம்மக்கா, திம்மக்காவைக் கண்டு ஆசைப்பட்டு அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் போய்ப் பெண் கேட்கிறான். பகடை போடும் நிபந்தனை என்ன? குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைக்கப் பழகு. அதையெல்லாம் செய்துவிட்டு வந்துதான் மாலை போடுகிறான். அண்ணன்மார் அவனைக் கல்லால் கட்டின அறைக்குள் அடைத்துப் பூட்டியும் பார்க்கிறார்கள். கலியாண ராத்திரியே பகடையின் மாட்டுக் கிடையை மடக்க ஆள் வருகிறது. காவலுக்குப் போய்ச் சண்டையில் வென்று, மறைந்திருந்தவன் குத்தில் சாகிறான். பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி அதிகாரத்தில் அனுமதி வாங்கித் தீயில் இறங்குகிறார்கள்.

பெண்கள் பிறப்பால் பிராமணத்திகள் என்று வைத்தால் இந்த நிபந்தனைக்கு என்ன பொருள்? அண்ணன்மாரின் கோபத்துக்கு என்ன பொருள்? ஒன்றுமே நிற்காது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார்: கண்டெடுத்த குழந்தை என்கிற துண்டு, சாதி மீறிய கலியாணத்தைப் பொறுக்காதவர்கள் பிற்பாடு ஒட்டினது. ஒட்டின கைக்கு ஒரு சாமர்த்தியம் இருந்திருக்கிறது. கதையின் ஒரு வரியையும் அழிக்கவில்லை, தொடக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் சேர்த்தது. சாமி அப்படியே இருக்கும், சாமிக்குக் காரணமான குற்றம் மட்டும் காணாமல் போகும்.

கதையை மாற்றினவர்களால் மாற்ற முடியாமல் போனது நேர்ச்சை. பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றைக்கும் தோல் செருப்புத்தான் காணிக்கை. ஆடி அமாவாசைக்குப் போனால் சன்னிதியில் சோடி சோடியாகத் தொங்குவதைப் பார்க்கலாம். அடுத்த வருசம் பார்க்கும்போது அதில் தேய்மானம் இருக்கும், பட்டவராயன் போட்டு நடந்திருக்கிறார் என்பது நம்பிக்கை. கோயில் வாசலுக்கு வெளியே கழற்ற வேண்டிய பொருள், சாமிக்கு முன்னால் தொங்குகிறது. எந்தப் பாடபேதத்தையும்விட இதுதான் வலுவான சாட்சி.

புலவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடைக்குப் பணம் தருவது தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பது). யார் வரி கொடுக்கிறார்களோ அவர்கள் காது பொறுக்கிற பாடத்தைத்தான் புலவர் எடுப்பார். இரண்டு பாடமும் ஒரே புலவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும். மலரில் இரண்டையும் போட்டு, எந்த ஊரில் எது பாடப்படுகிறது என்று குறித்தால் அதுவே நல்ல ஆராய்ச்சி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. நாங்குநேரிக்குப் பக்கத்தில் திருக்குறுங்குடி. கார்த்திகை மாதச் சுக்கில ஏகாதசி ராத்திரி அங்கே கைசிக நாடகம் நடக்கும். பாணர் குலத்து நம்பாடுவான் கோயிலுக்கு வெளியே நின்று பாடுகிறவர். வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்ள, பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்குத் தரிசனம் கிடைப்பதற்காகக் கொடிமரத்தைப் பெருமாள் விலகச் சொன்னார் என்பது ஐதிகம். சன்னிதிக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் விலகி நிற்கும் கொடிமரத்தை இன்றும் காட்டுவார்கள். அழகான கதைதான். ஆனால் கவனியுங்கள், கொடிமரம் விலகியது, வாசல் விலகவில்லை. நம்பாடுவான் கடைசிவரை வெளியேதான். பெரிய கோயில் சாதியைத் தாண்டுவதற்குக் கண்ட வழி அவ்வளவுதான். சொரிமுத்தையனார் கோயிலிலோ சாதியை மீறிச் செத்தவனே சாமி.

சுண்ணாம்புக்காளவாய்:

பீடத்தை எடுக்காதீர்கள். முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அடி சதுரமாக அகன்று, மேலே போகப்போகக் குறுகி, தலை தட்டையாகவோ சிறு குமிழாகவோ முடிகிற கட்டுமானம். உள்ளே செங்கலோ மண்ணோ, மேலே சுண்ணாம்புப் பூச்சு. முகம் கிடையாது. கொடையன்றைக்குச் சந்தனம், குங்குமம், பட்டு, பூ, சில இடங்களில் உலோக முகம் வைத்தால்தான் உருவம் வரும். மஞ்சள் நீராடி முடிந்ததும் திரும்பவும் வெறும் பீடம். சாமிக்கு நிரந்தர உருவம் பீடத்தில் இல்லை, சாமியாடியின் உடம்பில் இருக்கிறது. சல்லடம், கச்சை, குல்லாய், கையில் வல்லயம் (ஈட்டி), தீப்பந்தம் என்று எல்லாம் அவருக்குத்தான். சிலை வைத்துவிட்டால் அந்த உருவம் கல்லிலேயே உறைந்துவிடும். அதன் பிறகு தினப் பூசை, அபிஷேகம், அதற்கு ஐயர், அவர் வந்தபின் கிடாவெட்டுக்குக் கூச்சம், ராத்திரிக் கொடை பகல் கொடை ஆகும். இது ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

கோயில் வசதியில்லாத, பெரிய கோயிலுக்குள் விடப்படாத சனங்கள் தங்கள் கைக்கு எட்டின மண்ணிலும் சுண்ணாம்பிலும் சாமிக்கு இடம் கண்டார்கள் என்பதுதான் பீடத்தின் வரலாறு என்று நினைக்கிறேன்.

இருக்கிற பீடத்தைப் பழுதுபார்க்க: சிமெண்டு பூசவே கூடாது. அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். சிமெண்டு அதை உள்ளே அடைத்துவிடும். தேரிப் (செம்மணல் காடு) பக்கமும் கடற்கரைப் பக்கமும் ஈரத்தோடு உப்பும் ஏறும். இரண்டு மழைக்காலத்துக்குள் சிமெண்டுப் பட்டை உப்பி, பழைய செங்கலையும் பெயர்த்துக்கொண்டு விழும். எனாமல் பெயிண்டும் அதே கதைதான்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்க வைத்துக் குறைந்தது இரண்டு வாரம் ஊறப்போடுங்கள். நீறாத கட்டி இருந்தால் பூசின பிறகு அது நீறி, சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும். அளவில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல். உப்பு மணல் ஆகாது. கடுக்காய் ஊறின தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது நம்ம பக்கத்துப் பழைய முறை. கொஞ்சம்தான், கூடினால் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். பழைய பரப்பை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பூச வேண்டும். மொத்தமாக அப்பினால் உள்ளே ஈரம் நிற்கும்போதே மேலே காய்ந்து வெடிக்கும். ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது வெயில் படாமல் காப்பாற்றுங்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும், மெதுவாகத்தான் இறுகும். ஆகவே கால்நாட்டுக்கு (கொடைக்குக் கால் நடும் சடங்கு) பிறகு ஆரம்பிக்கிற வேலை இல்லை இது; கொடைக்கு இரண்டு மாதம் முன்னால் பூச்சு முடிந்திருக்க வேண்டும். வெள்ளையடிப்பு பால் பதத்தில், மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. கெட்டியாக ஒரே கை அடித்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

பொருநைக்கரை:

சுண்ணாம்பு அண்ணாச்சி சொன்ன பக்குவம் அத்தனையும் சரி. ஆனால் வரலாற்றில் எனக்கு ஒப்புதல் இல்லை. பீடம் ஏழைகளின் வடிவம் என்றால், நிலமும் அதிகாரமும் இருந்த மறவர், வேளாளர் கோயில்களிலும் மாடன் ஏன் பீடமாகவே நிற்கிறார்? பெரிய கோயிலுக்குள் தடையில்லாமல் போனவர்களும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குத்தான் குடும்பத்தோடு போகிறார்கள். அங்கே சாஸ்தாவுக்கு விக்கிரகம், சுற்றி நிற்கும் மாடனுக்கும் கருப்பனுக்கும் பீடம். கிடா வெட்டும்போது சாஸ்தாவுக்கு முன்னால் திரை போடுவார்கள். சைவப் படைப்பு உள்ளே, ரத்தப் படைப்பு வெளியே. ஊர் எப்படி அடுக்கப்பட்டிருந்ததோ அப்படியே கோயிலும் அடுக்கப்பட்டிருக்கிறது. பீடம் அந்த அடுக்கில் காவல்காரனின் இடத்தைக் காட்டும் வடிவம். செய்தவனின் வறுமையை அது காட்டவில்லை.

தடை என்பது மெய்தான், அதை மறுக்கவில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சிவகாசியில் 1899-ல் கலவரம் வெடித்ததே நாடார்களின் கோயில் நுழைவை ஒட்டித்தான். கமுதி கோயில் நுழைவு வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சட்டப்படி வாசல் திறக்க 1939-ம் 1947-ம் வரவேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் அவரவர் வேறு வேறு வழி கண்டுவிட்டார்கள், ஒவ்வொரு வழியும் கலையின் உருவத்தையே மாற்றியது. அதுதான் உங்கள் கட்டுரைக்கு உதவும்.

ஒன்று, வேதத்துக்குப் போனது, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறியது. மிஷனரிமாரில் ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார், கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். கால்டுவெல் 1849-ல் எழுதியதில் வில்லைப் பற்றி நுணுக்கமான வருணனை இருக்கிறது: பெரிய வில், சட்டத்தில் பல அளவு மணிகள், அடியில் வெறும் பித்தளைக் குடம், நாணை ஒருவர் தட்ட, குடத்தை இன்னொருவர் அடிக்கிறார். பேய்க்கூத்து என்று வெறுத்து எழுதினவர்தான், ஆனால் கருவியைப் பார்த்த கண் துல்லியமான கண். இன்றைக்குக் குடம் மண், அன்றைக்கு அவர் கண்டது பித்தளை. மற்றபடி குடத்தடி மேலே எழுதியதும் அதுவும் அப்படியே பொருந்துகிறது. வேதத்துக்குப் போன ஊர்களில் கொடை நின்றது, வில் முழுசாக நிற்கவில்லை. பைபிள் கதைகளை வில்லில் பாடும் குழுக்கள் இன்றும் தேவாலயத் திருவிழாக்களுக்குப் போகின்றன. வரத்துப் பாட்டு மட்டும் அங்கே கிடையாது.

இரண்டாவது, அய்யாவழி, வைகுண்டரைக் கும்பிடுகிறவர்களின் நெறி. வைகுண்டர் (1809–1851) கிடாவெட்டையும் பேய்க்கொடையையும் விடச் சொன்னார். அவர்கள் புனித நூலான அகிலத்திரட்டு 1841-ல் எழுந்தது. நெல்லைச் சீமை முழுக்க உள்ள அவர்கள் வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களில் விக்கிரகமும் இல்லை, பீடமும் இல்லை. பள்ளியறையில் நிலைக்கண்ணாடி, இரு பக்கமும் விளக்கு. வில்லின் இடத்தில் ஏடு வாசிப்பு. சாமியாடிக்கு இருந்த இடத்தில் கும்பிடுகிறவனின் சொந்த முகம்.

மூன்றாவது வழிதான் உங்கள் ஊரில் பேசுவது: பீடத்தை எடுத்து, கற்சிலை வைத்து, கும்பாபிஷேகம் செய்து, மாடனைப் பெரிய கோயில் மாதிரி ஆக்குவது. நுழையவிடாத கோயிலைப் போலவே ஒன்றைக் கட்டிக் காட்டுவதில் ஒரு ரோஷம் இருக்கிறது, அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. விலை என்ன என்று சுண்ணாம்பு அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

இது தவிர மேடை வில். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். அதே வழியில் வந்தவர் சத்திரப் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகம் (1928–2022). ஆர்மோனியம் சேர்ந்தது, 2 மணி நேரக் கணக்கும் அங்கேதான் வந்தது. அது தனிக் கலை, நல்ல கலை. அதன் கடிகாரத்தைக் கொடைக்குக் கொண்டுவருவதுதான் கோளாறு.

சுண்ணாம்புக்காளவாய்:

பொருநை அண்ணாச்சி, காவல்காரன் இடம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் திரைக்கு எந்தப் பக்கம் யார் நின்று கும்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மறவரும் வேளாளரும் இரண்டு பக்கமும் போகலாம். சிலருக்கு ஒரு பக்கம்தான். வடிவம் எல்லாருக்கும் பொது, அதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தது சிலருக்கு மட்டும்.

தேரிக்காட்டான்:

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. மலருக்கு நாலு பக்கம் போதாது போலிருக்கிறது. சிலைப் பேச்சைத் தள்ளிப்போட வைத்துவிடலாம். இன்னும் ஒரே சிக்கல்: 2 மணி நேரம் என்று கமிட்டி சொல்வதற்குக் காரணம் செலவு மட்டுமில்லை, ராத்திரி 10 மணிக்கு மேல் மைக் போட்டால் காவல்நிலையத்திலிருந்து ஆள் வருகிறார்கள். சாமக்கொடைக்கு என்ன செய்வது?

குடத்தடி:

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு வருசத்தில் 15 நாள் அதிகாரம் உண்டு, ஆனால் அது உங்கள் கொடை நாளில் விழும் என்று நம்பி உட்காரமுடியாது. விடியவிடிய மைக்கில் பாடுவதை விட்டுவிடுங்கள். 2010 திருத்தத்துக்குப் பிறகு திறந்த வெளியில் இசைக் கருவிகளுக்கும் அந்தத் தடை உண்டு, அதனால் மைக் இல்லாத வில்லுக்கும் காவல்நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இப்படிப் பங்கு போடலாம். குடியழைப்பன்று மாலை 6 மணிக்கே வில்லை ஏற்றி, காப்பு முதல் பிறப்புவரை 10-க்குள் மைக்கோடு முடியுங்கள். மதியக்கொடைக்குப் பட்டவராயன் கதையை எடுங்கள். 11 முதல் 2 வரை, செருப்பு நேர்ச்சையும் அப்போதே. ராத்திரி 10-க்கு மைக்கை அணைத்துவிட்டு, வில்லை மேடையிலிருந்து இறக்கி, பீடத்துக்கு எதிரே தரையில் பனம்பாய் விரித்து வையுங்கள். சுற்றி நூறு இருநூறு பேர் நெருங்கி உட்கார்ந்தால் மைக் இல்லாத வில்லும் குடமும் தாராளமாகக் கேட்கும், கால்டுவெல் காலத்தில் அப்படித்தான் கேட்டது. ஜெனரேட்டரைக் கோயிலுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், அதன் இரைச்சல்தான் எதிரி. குழுவிடம் முன்பணம் கொடுக்கும்போதே ‘சாமத்துக்கு மைக் இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். மைக்குக்கே பழகின அண்ணாவிக்குத் தொண்டை மூன்று மணி நேரம் தாங்காது, முன்பாட்டுக்கு இரண்டு பேராக வருவார்கள். தோல் நாண் உள்ள குழுவா என்றும் கேட்டுவிடுங்கள். நைலான் கயிறு மைக் இல்லாமல் பத்தடி தாண்டாது.